ஹிமாலயனுக்கு மலிவு விலையில் பிரேக், கிளட்ச் லிவர்கள்: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேட்டவர்: கொல்லிமலைக்காரி

வணக்கம். என்னிடம் 2019ஆம் ஆண்டு வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 இருக்கிறது. சேலத்தில் வேலை செய்கிறேன்; மாதம் இருமுறையாவது கொல்லிமலைக்குப் போய் வருகிறேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது தெரியாத வலி, திரும்பி வந்து நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது இடது மணிக்கட்டில் தெரிகிறது. என் கை சிறியது. கிளட்ச் லிவரை விரல்களின் நுனிக் கணுவால் எட்டித்தான் பிடிக்க முடிகிறது. பிரேக் பக்கமும் ஏறக்குறைய அதே நிலைதான். வண்டியோடு வந்த லிவர்களில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி இல்லை.

இணையக் கடைகளில், ஆறு நிலைகளில் தூரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய லிவர்கள் ஜோடி 700 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் வரை கிடைக்கின்றன. எல்லாவற்றின் மீதும் சிஎன்சி (கணினி இயக்கும் எந்திரத்தில் கடைந்தது) என்று எழுதியிருக்கிறது. பெயர் பெற்ற வெளிநாட்டுத் தயாரிப்புகளின் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. இந்த மலிவு லிவர்களை நம்பி வாங்கலாமா, வாங்கினால் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கேள்வி. எங்கள் மெக்கானிக், “லிவர் வாங்க வேண்டாம்; இரண்டு லிவர்களும் வந்து முட்டி நிற்கும் இடத்தில் ஆளுக்கொரு தகடு வைத்து உள்பக்கம் தள்ளிவிடுகிறேன்” என்கிறார். அது சரியா என்பதையும் சொல்லுங்கள். வண்ணம் பற்றி எனக்கு அக்கறை இல்லை.

பதில்: பழைய ஸ்பேனர்

வணக்கம் சகோதரி. முதலில் கடைசிக் கேள்விக்கு. பிரேக் பக்கத்தில் தகடு வைக்க எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். ஏன் என்பதை வேறு யாரேனும் விரிவாக எழுதுவார்கள். நான் கிளட்ச் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

லிவருக்குப் பணம் கொடுக்கும் முன் செலவில்லாத இரண்டு வேலைகளைச் செய்து பாருங்கள். வண்டியில் வழக்கமாக உட்காருவதுபோல் உட்கார்ந்து, கையை நீட்டி விரல்களை லிவர் மீது வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பல வண்டிகளில் லிவர் தேவைக்கு மேல் உயர்ந்திருப்பதால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. வலியில் பாதி அந்த வளைவால் வருவது. ஹேண்டில்பாரைப் பற்றியிருக்கும் பட்டையின் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, லிவரைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டு மறுபடி இறுக்குங்கள். தலைகீழாய் நின்று இறுக்க வேண்டிய அவசியமில்லை. வண்டி கீழே விழுந்தால் பட்டை ஹேண்டில்பாரின் மீது சுழன்று கொடுக்க வேண்டும். அசையாமல் இறுகி நின்றால் லிவர்தான் உடையும். பட்டைக்கு அடியில் குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு இறுக்கும் பழக்கமும் இதற்காகவே வந்தது.

அடுத்தது கேபிள். 2019ஆம் ஆண்டு வண்டியில் இன்னும் பழைய கேபிளே இருந்தால், கிளட்ச் கனமாக இருப்பதற்கு லிவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, உள்கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சொரசொரப்பாக வந்தால் புதுக் கேபிள் போடுங்கள். கேபிள் எங்காவது கூர்மையாக மடங்கிச் செல்கிறதா என்பதையும், குறிப்பாக ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பும்போது இழுபடுகிறதா என்பதையும் பாருங்கள்.

கிளட்ச் பக்கம் ப்ளே, அதாவது கேபிள் இழுபடத் தொடங்கும் முன் லிவர் வெறுமனே அசையும் அளவு, சற்று அதிகமாக விட்டால், கிளட்ச் விடுபடும் புள்ளி கைப்பிடிக்கு அருகில் வந்துவிடும். சிறிய கைக்கு அதுவே பெரிய உதவி. ஆனால் ப்ளே மிகுந்தால் கிளட்ச் முழுவதும் விடுபடாது. வண்டி நிற்கும்போது நியூட்ரல் விழ மறுப்பதே அதன் முதல் அறிகுறி.

பதில்: கடற்கரைச் சாலை

தகடு வைப்பது ஏன் ஆபத்து என்பதை நான் எழுதுகிறேன். ஏனென்றால் அதே தவறு நான் வாங்கிய மலிவு லிவரிலேயே இருந்தது.

முன்பக்க டிஸ்க் பிரேக் லிவரைக் கழற்றிப் பார்த்தால், சுழலும் துளைக்குப் பக்கத்தில் மூக்குப்போல ஒரு பகுதி நீண்டிருக்கும். அந்த மூக்குதான் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. லிவரை விட்டதும் பிஸ்டன் முழுவதுமாகப் பின்னால் வர வேண்டும். அப்படி வந்தால்தான் பிரேக் ஆயில் தொட்டிக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள மிகச் சிறிய துளை திறக்கும். பிரேக் பிடிக்கும்போது சூடேறி விரிவடையும் ஆயில் அந்தத் துளை வழியாகவே தொட்டிக்குத் திரும்புகிறது. மூக்கு அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் போதும், சில வண்டிகளில் பிஸ்டன் கடைசி அளவு திரும்பாமல் அந்தத் துளையை மூடியபடியே நின்றுவிடும். நிறுத்துமிடத்தில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது, சக்கரமும் சுற்றும். ஓடத் தொடங்கி ஆயில் சூடேறியதும் அது போக இடமின்றி அழுத்தமாக மாறுகிறது, அழுத்தம் பேடை டிஸ்க்கின் மீது தள்ளுகிறது, உரசலில் இன்னும் சூடேறுகிறது. கடைசியில் லிவரைத் தொடாமலேயே முன்சக்கரம் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இது கோவளத்தைத் தாண்டி, மாமல்லபுரம் நோக்கிச் செல்லும்போது நேர்ந்தது. வண்டி கனமாகிறது என்று முதலில் எஞ்சினைச் சந்தேகித்தேன். பிறகு கருகிய வாடை வந்தது. ஓரம் கட்டித் தள்ளிப் பார்த்தால் முன்சக்கரம் அசையவில்லை. பையிலிருந்த ஸ்பேனரால் லிவரின் சுழல் போல்ட்டைக் கழற்றி லிவரை வெளியே எடுத்தேன். எடுத்த அடுத்த நொடியே சக்கரம் விடுபட்டது. குற்றவாளி, சக்கரத்தில் பேடுகளை அழுத்தும் காலிப்பரா லிவரா என்ற ஐயத்துக்கு அங்கேயே இடமில்லாமல் போய்விட்டது. டிஸ்க் குளிரும் வரை நின்றிருந்து, பின்பிரேக்கை மட்டும் நம்பி மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

பிரேக் லிவர் வந்து நிற்கும் இடத்தில் உங்கள் மெக்கானிக் தகடு வைத்தால் நடப்பதும் இதுதான். லிவரை நிரந்தரமாகச் சற்றே பிடித்தபடி வைப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

ஆகவே எந்த லிவரை வாங்கினாலும், எந்த விலைக்கு வாங்கினாலும், மூன்று சோதனைகளைச் செய்துவிட்டே சாலையில் இறங்குங்கள். லிவரின் முனையை விரலால் ஆட்டினால், பிஸ்டனைத் தொடும் முன் சிறிதளவேனும் வெறும் அசைவு இருக்க வேண்டும். அந்த ப்ளே இல்லாத லிவரை மாட்டவே வேண்டாம். அடுத்து, ஹேண்டில்பாரைத் திருப்பித் தொட்டியைச் சமமாக வைத்து, சுற்றிலும் ஈரத்துணி போர்த்தி, மூடியைத் திறந்து, லிவரை மிக மெதுவாக, மிகக் கொஞ்சமாக அழுத்துங்கள். சிறிய துளை திறந்திருந்தால் தொடக்க அசைவிலேயே ஆயிலின் பரப்பில் ஒரு சிறு குமிழ்ப்போ அலையோ எழும். அது எழவில்லையென்றால் துளை மூடியிருக்கிறது. வேகமாக அழுத்தினால் ஆயில் கண்ணில் தெறிக்கும். பெயிண்டில் பட்டால் பெயிண்ட் போய்விடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மூன்றாவதாக, வீட்டைச் சுற்றி நாலைந்து கிலோமீட்டர் வழக்கம்போல் பிரேக் பிடித்து ஓட்டிவிட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கிளம்பும் முன் சுற்றியதுபோலவே சுற்ற வேண்டும்.

பதில்: லேத் பட்டறை, கோவை

மேலே நண்பர் எழுதியது முற்றிலும் சரி. அளவுகளையும் உலோகத்தையும் பற்றி நான் சேர்க்கிறேன்.

பெட்டியின் மீது சிஎன்சி என்று அச்சடிக்கச் செலவில்லை. கட்டி அலுமினியத்தில் கடைந்தெடுத்த லிவருக்கும், அச்சில் வார்த்து மேலே கறுப்படித்த லிவருக்கும் வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். வார்ப்பென்றால் இரு அச்சுகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் தேய்த்த அடையாளம் இருக்கும். உட்புறத்தில் அச்சிலிருந்து தள்ளியெடுத்த வட்டத் தடங்கள் இருக்கும். கடைந்ததில் கருவி சென்ற நெருக்கமான கோடுகள் தெரியும், மூலைகள் கூர்மையாக இருக்கும். 6061-டி6 என்று அலுமினியக் கலவையின் வகையைப் பொறித்திருப்பது நல்ல அறிகுறிதான். பொறிப்பும் அச்சடிப்பே என்பதையும் நினைவில் வையுங்கள். வார்ப்பு என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. வண்டி நிறுவனங்கள் தரும் லிவர்களிலும் வார்த்தவை உண்டு. சிக்கல், உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த மட்ட வார்ப்பில்தான். அது வளையாது, முன்னறிவிப்பின்றி முறியும்.

பழைய லிவரையும் புதிய லிவரையும் ஒப்பிட வெர்னியர்கூட வேண்டாம். சுழல் துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் ஒரு போல்ட்டை இரண்டு லிவர்களுக்கும் பொதுவாகச் செருகி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். பிடிக்கும் பகுதியை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். லிவர் வந்து முட்டி நிற்கும் முகம் என்று ஒன்று இருக்கும். இரண்டிலும் அந்த முகத்தை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிரேக் லிவரில் மூக்கையும் கிளட்ச் லிவரில் நிப்பிள் (கேபிள் முனையிலுள்ள உலோகக் குமிழ்) உட்காரும் துளையையும் பாருங்கள். புதிய மூக்கு பழையதைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கிளட்ச் லிவரில், சுழல் துளையின் நடுவிலிருந்து நிப்பிள் துளையின் நடு வரை உள்ள தூரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, பழையதில் அது 30 மில்லிமீட்டர், புதியதில் 27 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கை பத்தில் ஒரு பங்கு இலேசாக உணரும்; கேபிள் இழுபடும் அளவும் பத்தில் ஒரு பங்கு குறையும். “புது லிவர் போட்டதும் கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கிறது, ஆனால் கியர்தான் கடகடவென்று விழுகிறது” என்று வருபவர்களின் வண்டியில் நான் முதலில் அளப்பது இதைத்தான். 

இரண்டு விரலுக்கான குட்டை லிவர் உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பிஸ்டன் தொடும் இடம் சுழல் புள்ளியிலிருந்து 25 மில்லிமீட்டரில் இருந்து, உங்கள் விரல் 120 மில்லிமீட்டரில் அழுத்தினால் விசை 4.8 மடங்காகிறது. குட்டை லிவரில் விரல் 90 மில்லிமீட்டருக்கு நகர்ந்துவிட்டால் அது 3.6 மடங்கு. அதே பிரேக்குக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். ஏற்கெனவே கை வலிக்கிறது என்கிறீர்கள்.

லிவர் முனையிலுள்ள உருண்டை அழகுக்காக வைத்ததன்று; விழும்போது கையிலோ தொடையிலோ குத்தாமல் இருப்பதற்காக. பந்தய விதிகளில் அதன் விட்டம் குறைந்தது 16 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு வைத்திருக்கிறது. கூர்மையாக முடியும் லிவரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தவிர்த்துவிடுங்கள்.

சுழல் துளையில் பித்தளை புஷ் (துளைக்குள் செருகிய குழல்) இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் அலுமினியத்தில் துளையிட்டிருந்தால் ஓராண்டில் துளை முட்டை வடிவமாகி லிவர் மேலும் கீழும் ஆடும். லேத்தில் புஷ் அடித்துத் தர முடியும். 700 ரூபாய் லிவருக்கு அந்தச் செலவு தேவையா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பதில்: ஒரிஜினல் மட்டும்

இவ்வளவு அளந்து, அடுக்கி, ஆயில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டிய பொருளை எதற்காக வாங்க வேண்டும்? நிறுவன லிவர் சில நூறு ரூபாய்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் பெயர் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பிரேக்கில் சிக்கனம் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

பதில்: லேத் பட்டறை, கோவை

ஐயா, அவர் கேட்பது சிக்கனத்துக்காக மட்டுமன்று. நிறுவன லிவர் அவருடைய விரலுக்கு எட்டவில்லை. எட்டாத ஒரிஜினலைவிட, அளந்து மாட்டிய மலிவு லிவர் மேல் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பிரேக், கிளட்ச் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிளட்ச் லிவர் முறிந்தால் ஓரம் கட்டி நிறுத்திவிடலாம். முன்பிரேக் லிவர் முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கேட்டவர்: கொல்லிமலைக்காரி

எல்லோருக்கும் நன்றி. முதலில் லிவர்களைத் திருப்பிவிட்டேன், கேபிளும் மாற்றினேன். பழைய கேபிளின் உள்கம்பி லிவர் முனையில் இரண்டு இழை அறுந்திருந்தது. மணிக்கட்டு வலி பாதிக்குமேல் குறைந்துவிட்டது. அதற்குள் ஆர்வத்தில் ஒரு ஜோடி லிவருக்கும் சொல்லிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பொதுப் போல்ட்டில் அடுக்கிப் பார்த்ததில், கிளட்ச் லிவரின் நிப்பிள் துளை அநேகமாகப் பழைய இடத்திலேயே இருக்கிறது. பிரேக் லிவரின் மூக்கோ பழையதைவிட ஒரு தலைமுடி அளவு வெளியே நிற்கிறது. மாட்டிப் பார்த்தபோது ப்ளே சுத்தமாக இல்லை. சாவியைத் திருப்பியதும் பின்னாலுள்ள பிரேக் விளக்கு அணையாமல் எரிந்தது. மூக்கை அரத்தால் சற்றுத் தேய்க்கலாமா?

பதில்: கடற்கரைச் சாலை

தேய்க்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள். விளக்கு அணையாததற்குக் காரணம், லிவர் ஓய்வு நிலையில் பிரேக் விளக்கின் சுவிட்சை முழுமையாக அழுத்தவில்லை என்பதே. அப்படியானால் மூக்கு மட்டுமல்ல, முட்டி நிற்கும் முகமும் அளவில் தவறியிருக்கிறது. அந்த விளக்கு எப்போதும் எரிந்தால் உங்களுக்குப் பின்னால் வரும் லாரிக்காரர் நீங்கள் எப்போது பிரேக் பிடிக்கிறீர்கள் என்பதை அறிய வழியில்லை.

பதில்: லேத் பட்டறை, கோவை

கால் மில்லிமீட்டர் என்றால் நான் தேய்த்துத்தான் கொடுப்பேன். தேய்த்த முகத்தை மறுபடி வழவழப்பாக்கிவிட வேண்டும், இல்லையேல் பிஸ்டனின் தலையை அது அரித்துவிடும். ஆனால் சுவிட்சும் அழுந்தவில்லை என்பதால் இம்முறை நண்பர் சொல்வதையே கேளுங்கள்.

கிளட்ச் லிவரை வைத்துக்கொள்வதானால், மாட்டும்போது இரண்டு செய்திகள். நிப்பிள் துளையில் கிரீஸ் தடவுங்கள். லிவர் அசையும்போது நிப்பிள் உள்ளே தாராளமாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் கம்பி ஒவ்வொரு பிடிக்கும் மடங்கி நிமிர்ந்து, உங்கள் பழைய கேபிளைப்போல இழை இழையாக அறும். சுழல் போல்ட்டை முதலில் லிவர் தாராளமாக அசையும் அளவுக்கு மட்டும் திருகி, அதன் பிறகே அடியிலுள்ள நட்டை இறுக்குங்கள். பல ஹோண்டா வண்டிகளின் பணிமனைக் கையேட்டில் போல்ட்டுக்கு 1 நியூட்டன் மீட்டர், நட்டுக்கு 6 நியூட்டன் மீட்டர் என்றுதான் போட்டிருக்கும். போல்ட்டையே முழு வலுவோடு இறுக்குபவர்கள்தான் “லிவர் திரும்பி வரவில்லை” என்று பட்டறைக்கு வருகிறார்கள். பிரேக் பக்கம் எப்போது கழற்றினாலும் மூக்கு தொடும் இடத்தில் சிலிகான் கிரீஸ் மட்டும் வையுங்கள். சாதாரண கிரீஸ் பிஸ்டனின் ரப்பரை ஊதவைத்துவிடும்.

கேட்டவர்: கொல்லிமலைக்காரி

பிரேக் லிவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கடைக்காரர் ஜோடியாகத்தான் திருப்ப முடியும் என்று வாதிட்டதில் ஒரு வாரம் போயிற்று. பிரேக் பக்கத்தில் வண்டியோடு வந்த லிவரே மறுபடி இருக்கிறது. கீழ்நோக்கித் திருப்பிய பிறகு இரண்டு விரல்கள் நடுக்கணு வரை எட்டுகின்றன. எனக்கு அது போதும். கிளட்ச் பக்கத்தில் புதியதை இரண்டாம் நிலையில் வைத்திருக்கிறேன். முதல் நிலையில் வைத்தபோது கிளட்ச் முழுவதும் விடுபடும் முன்பே லிவர் கைப்பிடியில் முட்டியது.

சென்ற ஞாயிறு 70 வளைவுகளும் ஏறி இறங்கினேன். கை வலிக்கவில்லை. வலப்பக்கம் வண்டியோடு வந்தது, இடப்பக்கம் ஆறு எண் பொறித்த புதியது என்று இரண்டும் வேறுவேறாக இருப்பதைப் பார்த்து, ஒரு பக்கம் விழுந்து உடைந்துவிட்டதா என்று அலுவலகக் காவலாளி கேட்கிறார்.

பதில்: பழைய ஸ்பேனர்

மகிழ்ச்சி சகோதரி. கழற்றிய பழைய கிளட்ச் லிவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பழைய டியூப் துண்டில் சுற்றி, 10 எண் ஸ்பேனரோடு சேர்த்து எப்போதும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலை ஏற்றத்தில் ஏதாவது வளைவில் வண்டி சாய்ந்தால், லிவர் விற்கும் கடை மலையடிவாரத்துக்கு இந்தப் பக்கம் இருக்காது.